பேசாத சம்பந்தி

ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் இரண்டு வரிசை வீடு கட்டியவன் நான். சுண்ணாம்புக் குன்றுக்கு அடியில், ஒரு மழைக்கே குளமாகிவிடுகிற நிலம் அது. அஸ்திவாரம் நிற்காது என்று எனக்கு முன்னால் வந்தவர்கள் கைவிட்டுப் போன இடம். பணம் போட்டவர் சீன முதலாளி, தவுக்கே என்போம். நிற்க வைத்தவன் நான். இன்றைக்கும் ஒரு சுவரில் விரிசல் கிடையாது, சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சுங்கை சிப்புட் பக்கம் நான் பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டம் விற்றுப் போனபோது, மரங்களைச் சாய்த்த அதே மண்ணில் கடைவரிசை எழுப்பினேன். எந்த மரத்தடியில் பால்வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கங்காணியிடம் அறை வாங்கினேனோ, அங்கே இப்போது ஒரு முடிதிருத்தும் கடை இருக்கிறது. அதன் தரை நான் போட்டது. ஈப்போவில் ஒரு கோயிலுக்கு மதில், ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை, ஒரு சீனர் சங்கத்துக்கு வளைந்து ஏறுகிற மாடிப்படி. தோட்டத்துப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவன் செய்த வேலை இதெல்லாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தமிழாசிரியையை ஆளாக்கினேன். அவள் என் மகள்.

அவள் நடக்கப் பழகி ஓடப் பழகிய வயதில் அவள் தாய் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளையைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போ, நாளைக்கு இன்னொருத்தியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஈப்போவுக்கு வந்து கல் சுமக்கிற வேலையில் சேர்ந்தேன். நான் கலவை தூக்கும்போது அவள் மணல் குவியலில், குடை நிழலில் தூங்கினாள். பள்ளிக்கூடம் போன பிறகு, சிமெண்டு மூட்டைத் தாளை உதறித் துடைத்து அவள் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டேன். குனோங் ராபாட்டில் முதல் வரிசை முடிந்து பின்பக்கச் சாக்கடை ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்தபோது, பள்ளி விட்டு வந்தவள் ஓர் ஆணியை எடுத்து ஈரச் சிமெண்டில் ‘அப்பா’ என்று எழுதிவிட்டாள். தவுக்கே பார்த்துவிட்டுக் கத்தினார். அழி, உடனே அழி என்றார். நான் கரண்டியை அவர் காலடியில் வைத்து, “நீங்களே அழிச்சிக்குங்க மொதலாளி, என் கை அதுக்கு வராது” என்றேன். அவர் கரண்டியைத் தொடவில்லை. பிறகு வேறு பக்கம் போய்விட்டார். அந்தச் சொல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கட்டிய எதிலும் என் பெயர் கிடையாது. அந்த ஒன்றைத் தவிர.

அவள் படித்தாள். நான் படிக்க வைத்தேன். பயிற்சி முடித்துத் தைப்பிங்கில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரைப் பிடித்துப்போனது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா அரசாங்க ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு அப்பாவும் ஆபீஸ்தான். எங்கள் பாட்டன்மார் காட்டில் மரம் வெட்டியபோது அவர்கள் பாட்டன்மார் கணக்கு எழுதினார்கள். அந்தத் தூரத்தைத் தாண்டிக் கல்யாணம் என்பது அப்போது சின்னக் காரியமில்லை. தடையொன்றும் சொல்லாமல் நடத்திவைத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தாலி கட்டிய அன்றைக்கு மழை ஊற்றியது, எல்லோரும் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கார் ஏறினார்கள். நாலு வார்த்தை பேச எனக்கு வழியில்லாமல் போயிற்று. அந்த நாலு வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. தாயில்லாத பெண் என்பதால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. முப்பத்தோராம் நாள் அவர்கள் வழக்கப்படி தீட்டுக் கழித்து, சொந்தபந்தத்தை அழைத்துச் சாப்பாடு போடுவார்கள். முப்பத்தொண்டு என்பார்கள். எனக்கும் ஆள் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளி அரைஞாண் ஒன்று வாங்கிக்கொண்டு விடிந்ததும் ஈப்போவில் பஸ் ஏறினேன். கோலகங்சார் தாண்டி மலை வளைவுகளில் பஸ் திணறிக்கொண்டு ஏறும்போது என் நாலு வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். தாயில்லாமல், மணல் மேட்டில் வளர்ந்த பிள்ளை இன்று உங்கள் வீட்டு மருமகள்; நல்ல இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறாள்; ஆனால் இவளை இங்கே வரை கொண்டுவந்து சேர்த்தவன் இதோ நிற்கிறேன். அவ்வளவுதான். இதைச் சபையில் சொல்ல வேண்டும், சபை கேட்க வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

வீட்டு வாசலில் சம்பந்தி நின்று வரவேற்றார்.

“வாங்கோ, வாங்கோ. பஸ்ஸில இருக்க இடம் கிடைச்சுதே?”

“இடம் கெடைக்கலன்னா என்ன, தைப்பிங் வரைக்கும் ஒத்தக் கால்ல நின்னு வருவேன்லா!” என்றேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றி என்னுடையது, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அரைஞாணை மகள் கையில் கொடுத்துவிட்டு, நேராகச் சமையலறை வாசலுக்குப் போனேன். சம்பந்தியம்மா பெரிய சட்டியில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார். மகளும் பின்னாலேயே வந்து குழந்தைக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“சம்பந்தியம்மா, இன்னிக்கு வர்றவங்க எல்லார் முன்னாலயும் நான் கொஞ்சம் பேசணும்.”

அகப்பை நின்றது. “என்ன?”

“ரொம்ப வருசமா மனசுல வெச்சிருக்கேன். கல்யாணத்துலயே பேசியிருக்கணும், விட்டுட்டேன். இன்னிக்குப் பேசாம போக மாட்டேன்.”

“ஆரைப் பேசப் போறியள்?”

யாரைப் பற்றி என்று கேட்கிறார் போல, அவர்கள் தமிழ் அப்படி என்று எண்ணிக்கொண்டேன். “எல்லாரையுந்தான். மொதல்ல உங்க வீட்டுக்காரரு. அப்புறம் மாப்பிள்ளை. கடைசியா என் மவ. ஒருத்தரையும் விட மாட்டேன்!”

“பிள்ளையின்ர முப்பத்தொண்டு அண்டைக்கோ?”

“அதான் நல்ல நாளு. சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் இருப்பாங்க. நாலு பேரு காதுல விழணும்ல?”

அவர் நெஞ்சில் கையை வைத்து “முருகா!” என்றார். அம்மா உருகிவிட்டார் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது. மகள் வெந்நீர்ச் செம்போடு நின்று எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் நான் முன்வாசலில் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவள் வந்தாள். கையில் குடை.

“அப்பா, ஆளுங்க வர இன்னும் நேரம் இருக்கு. நீங்கதான் தைப்பிங்கைப் பாத்ததே இல்லையே. ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வாங்களேன்.”

“நான் என்ன மாக்கான் ஆங்கினுக்கா வந்தேன்? பேரனைப் பாக்க வந்தேன்.”

மாக்கான் ஆங்கின் என்றால் மலாயில் காற்றுத் தின்பது. பொழுதுபோக்காக ஊர் பார்க்கப் போவதற்கு இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். எனக்கு அந்த வழக்கமே இருந்ததில்லை. வேலை இருக்கிற ஊருக்குப் போவேன், வேலை முடிந்தால் திரும்புவேன்.

“அதான்ப்பா சொல்றேன். எப்பப் பாத்தாலும் வேலை, வேலை. ஒரு நாளாச்சும் டூரிஸ்ட்டு மாதிரி கைய வீசிக்கிட்டு நடங்களேன். லேக் கார்டன் பாக்க எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க தெரியுமா?”

“எப்ப வரணும்?”

“சாப்பாட்டுக்கு. பந்தி எப்படியும் லேட்டாகும். அவசரப்படாம வாங்க.” குடையைக் கையில் திணித்தாள். “இந்த ஊரு மழை சொல்லிட்டு வராது.”

மாப்பிள்ளை காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேண்டாம், எனக்கு ஊரைக் காலால் பார்க்கத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். கையசைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பன் ஒரு நாள் சும்மா இருக்கட்டும் என்று நினைக்க ஒரு பிள்ளை வேண்டுமே.

வேலையில்லாமல் ஓர் ஊரில் நடப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. குடை இருந்ததால் தப்பித்தேன். மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தேன். சுற்றி வந்து மறுபடியும் பார்த்தேன். பழைய பசாருக்குள் நுழைந்தேன். கூரையின் உயரமும் தூண்களின் வரிசையும் நான் மெச்சும்படி இருந்தன. ஒரு தூணை விரலால் தட்டிச் சத்தம் கேட்டேன். மீன் விற்றுக்கொண்டிருந்த சீனப் பெண்மணி கத்தியை நிறுத்திவிட்டு, “இக்கானா, தியாங்கா?” என்று கேட்டாள். மீன் வேண்டுமா, தூண் வேண்டுமா என்கிறாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். “தூணுதான், ஆனா தூக்கிட்டுப் போகப் பை இல்ல” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

எங்கே கல்வெட்டுப் பதித்திருந்தாலும் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். திறந்துவைத்தவர் பெயர் இருந்தது. கட்டினவன் பெயர் எதிலும் இல்லை. அன்றைக்கு அது எனக்கு வருத்தமாகப் படவில்லை. இன்று மத்தியானம் என் கல்வெட்டை என் வாயாலேயே பொறித்துவிடப் போகிறேன் என்ற தைரியம்.

ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, பால் இல்லாத கோப்பி ஓ சொன்னேன். எதிர் மேசைக்காரர் நம்ம ஆள்.

“அண்ணே வெளியூரா?”

“ஈப்போ. பேரனுக்கு முப்பத்தொண்ணு. இன்னிக்குச் சபையில பேசப் போறேன்.”

“என்னத்தப் பேசப் போறீங்க?”

அஸ்திவாரத்திலிருந்து தொடங்கினேன். அவர் கோப்பி ஆறிவிட்டது. “அண்ணே, அங்க போயிப் பேசக் கொஞ்சம் மிச்சம் வைங்கண்ணே. எல்லாத்தையும் இங்கயே கொட்டிட்டீங்கன்னா சபைக்கு என்னா செய்வீங்க?” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மியூசியத்துக்குப் போனேன். எதிரிலேயே சிறைச்சாலையின் நீண்ட மதில். மியூசியத்துக்குள் இருந்த நேரத்தைவிட வெளியே நின்று அந்த மதிலைப் பார்த்த நேரம்தான் அதிகம். காவலுக்கு நின்றவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

பிறகு ஏரித் தோட்டம். அதை எப்படிச் சொல்வது? சாலையின் ஒரு பக்கத்தில் நிற்கிற மழைமரங்கள், சாலைக்கு மேலேயே வளைந்து, மறுபக்கத்து ஏரியில் போய்க் கையை நனைக்கின்றன. அடியில் நடக்கிறவனுக்கு மேலே பச்சை வளைவு. ஒவ்வொரு கிளையும் ஒரு வீட்டு உத்தரம் போல் கனம். முட்டுக் கொடுக்காமல், தூண் இல்லாமல், இவ்வளவு பாரத்தை இப்படிச் சாய்த்து நிறுத்துவது என்னால் ஆகாது. ஆண்டவனால்தான் ஆகும். அவர் பங்கை நான் மறைக்கவில்லை.

படம் பிடிக்கிற சீன இளைஞன் ஒருவன் கழுத்தில் கேமராவோடு நின்றான். டூரிஸ்ட்டுகளைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்து, பிறகு தபாலில் அனுப்பிவைப்பான்.

“அண்ணே, கம்பார்?” என்றான். படமா என்று கேட்கிறான். “சொராங் சாஜா?” ஆள் ஒருத்தர்தானா?

“இப்போதைக்கு ஒருத்தன்தான். அடுத்த தடவை பேரனோட வருவேன்” என்றேன்.

மரத்தடியில், ஏரிக்கு முதுகு காட்டி, குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். சிரிக்கச் சொன்னான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. படம் அனுப்ப மகள் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். அவள் அனுப்பிவைத்த இடத்தை அப்பா ஒழுங்காகப் பார்த்தேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா?

அவன் நகர்ந்ததும் மழை இறங்கியது. மகள் சொன்னது சரி, சொல்லிக்கொண்டு வரவில்லை. குடை அந்த மழைக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏரிக்கரையில் கூரை போட்ட ஒரு சின்ன மண்டபத்துக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே ஒரு வயதான தம்பதி ஒதுங்கியிருந்தார்கள். ஐயா அரைக்கால் சட்டையும் கேன்வாஸ் சப்பாத்தும். அம்மா சேலைத் தலைப்பால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்ததுமே யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்று தெரிந்தது.

“நான் அப்பவே சொன்னனான், மழை வருமெண்டு. உங்கட மகன் இப்ப பேசப் போறான் பாருங்கோ.”

“பேசட்டும். எனக்கென்ன?”

“உங்களுக்கென்ன? பேச்சு வாங்கிறது நானெல்லோ!”

நான் சும்மா இருக்கிற ஆளா? “மவன் பேசினா நல்லதுதானேம்மா? என் மவளும் நல்லாப் பேசுவா. டீச்சரு” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீங்கள் தோட்டத்துப் பக்கமோ?”

“ஆமா.”

“அதுதான். எங்கட ஆக்களுக்குப் பேசிறதெண்டால் ஏசிறது. திட்டுறது. நீங்கள் பேசிறதெண்டு சொல்லுறதை நாங்கள் கதைக்கிறது எண்டுவம்.”

“கதைக்கிறதா? அது கதை விடுறதுலா!”

“பாத்தியளே! நாங்கள் கதைச்சால் உங்களுக்குப் பொய். நீங்கள் பேசினால் எங்களுக்குச் சண்டை. பிறகு எப்பிடி ஒரு வீட்டில இருக்கிறது?”

மூன்று பேரும் சிரித்தோம். நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே காலையில் சமையலறை வாசலில் நான் சொன்னவை ஒவ்வொன்றாக என் காதில் திரும்பி வந்தன. எல்லார் முன்னாலும் பேசணும். பேசாமல் போக மாட்டேன். முதலில் உங்கள் வீட்டுக்காரர். அவர்களிடம் அதைச் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ, ஒருத்தரையும் விட மாட்டன் எண்டும் சொன்னியளோ? பாவம் அந்த மனிசி! இண்டைக்குச் சமையலில உப்பே போட்டிருக்க மாட்டா.”

“இப்பவே போறேன். போயிச் சொல்லிச் சிரிச்சிட்டு வாரேன்.” குடையைக் கையில் எடுத்தேன்.

அம்மா ஏதோ யோசித்துக்கொண்டு கேட்டார். “உங்கட மகள் அப்ப அங்க நிக்கேல்லையோ? அவவுக்கு ரெண்டு தமிழும் தெரியுமெல்லோ? அவ சொல்லியிருப்பாவே.”

நான் படியில் ஒரு காலும் மண்டபத்தில் ஒரு காலுமாக நின்றேன்.

நின்றாள். செம்போடு அங்கேதான் நின்றாள். என் தமிழில் பிறந்தவள். அவர்கள் தமிழில் குடித்தனம் நடத்துகிறவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். எங்கப்பா பேசுறதுன்னா நீங்க கதைக்கிறது மாமி. இந்த ஒரு வரி போதும். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு குடையோடு வந்து ஏரி அழகாயிருக்கும் என்றாள்.

“சொல்லியிருப்பா” என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு மழையில் இறங்கினேன்.

வந்த வழியேதான் திரும்பினேன். அதே மரங்கள், அதே மதில், அதே பசார். ஒன்றும் கண்ணில் படவில்லை. காலையில் முதல்முறை பார்த்த ஊர், மத்தியானம் யாரோ ஒருவருடைய ஊராகிவிட்டது. கால் மட்டும் வழியை ஞாபகம் வைத்திருந்தது. நடுவழியில்தான் குடையை விரிக்காமலே நடப்பது தெரிந்தது.

வீட்டுக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. உள்ளே சிரிப்பும் பாத்திரச் சத்தமும். கேட்டுக்கு வெளியே நின்றேன். மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் துண்டோடு ஓடி வந்தாள்.

“என்னப்பா இப்படி நனைஞ்சிருக்கீங்க? குடை எங்க?”

“இருக்கு.”

“விரிச்சா என்ன?”

“நீ சொல்லியிருக்கலாமேம்மா.”

“என்னத்த?”

“பேசுறதுன்னா என்னான்னு.”

அவள் துண்டை மடித்தாள். மடித்ததை மறுபடியும் பிரித்தாள். சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும்போது இப்படித்தான் எதையாவது மடிப்பாள்.

“நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்கப்பா. மணல் மேட்டுல தூங்குனதைச் சொல்லுவீங்க. சிமெண்டுத் தாள்ல அட்டை போட்டதைச் சொல்லுவீங்க. தோட்டத்து லயத்து வீட்டைச் சொல்லுவீங்க. சாக்கடை ஓரத்துல எழுதுனதைச் சொல்லுவீங்க.”

“ஆமா, சொல்லுவேன். அதெல்லாம் பொய்யா?”

“பொய் இல்லப்பா.” துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதனாலதான்.”

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓங்கிக் கேட்டிருந்தால் உள்ளே கேட்டிருக்கும். என் தொண்டை எப்பேர்ப்பட்டது என்று நாலு மாடி உயரத்தில் நின்ற கூலியாட்களுக்குத் தெரியும். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள், பிள்ளை பெற்ற உடம்பு, மழைச்சாரல். “உள்ள போம்மா, ஜன்னி வந்துடும்” என்றேன். “நீங்க வந்தாத்தான் போவேன்” என்றாள். போனேன்.

மாப்பிள்ளையின் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா என் இலைக்குப் பரிமாறும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், காலையிலிருந்து என்ன பாடுபட்டாரோ. எதிர் வரிசையில் சம்பந்தியின் உறவினர் ஒருவர், கோலாலம்பூரில் பெரிய வேலையாம், சம்பந்தியிடம் கேட்டார்:

“மருமகள் நல்ல கெட்டிக்காரிபோல. தாயும் இல்லையெண்டு சொன்னியள். ஆர் படிப்பிச்சது?”

சம்பந்தி ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னார். “தானாப் படிச்சு வந்தவ.”

தானாக.

என் வாய் நிறையச் சோறு. மகள் அந்த நேரம் வடைத் தட்டோடு எனக்கு நேர் எதிரே குனிந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. கை நின்றது. நான் அவளைப் பார்த்தேன். நான் பேசவில்லை, நீ பேசு. உன் தமிழில் வேண்டாம், அவர்கள் தமிழிலேயே கதை. இல்லை, எங்கப்பா என்று கையை மட்டும் காட்டு, போதும். இதையெல்லாம் கண்ணாலேயே சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. புரியாமல் இருக்காது, நான் வளர்த்த பிள்ளை.

என் இலையில் இன்னொரு வடை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

நான் அந்த வடையையும் சாப்பிட்டேன். இலையை மூடினேன். யாரையும் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை. ஈப்போ பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சம்பந்தியம்மா வாசல் வரை வந்து, முகமெல்லாம் மலர, “சம்பந்தி ஒண்டும் பேசேல்லை. தங்கமான மனுசன்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் வாழ்நாளில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பொங்கல், தீபாவளி, பேரன் பிறந்த நாள், அடுத்து வந்த பேத்தியின் முப்பத்தொண்டு. ஒரு முறைகூட அங்கே வாயைத் திறந்ததில்லை. கேட்டதற்கு ஆமாம், இல்லை. ‘எங்கட பேசாத சம்பந்தி’ என்றுதான் அக்கம்பக்கத்துக்கு என்னை அறிமுகம் செய்வார் சம்பந்தியம்மா. பேரப்பிள்ளைகளும் அப்படியேதான் நினைத்து வளர்ந்தார்கள். ஈப்போவில் எந்தக் கோப்பிக் கடையிலாவது போய் இதைச் சொல்லுங்கள், சிரித்தே செத்துப்போவார்கள்.

ஏரித் தோட்டத்துப் படம் சொன்னபடி அந்த வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. மகள் ஒரு முறை எனக்குக் காட்டினாள். அலமாரியில், புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். குடையை ஊன்றிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு, பேசப் போகிறோம் என்று ஒருவன் நிற்கிறான். பின்னால் இருக்கிற மேகம் அவன் கண்ணில் படவில்லை. அவனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூடத்தில் சம்பந்தியின் அப்பா படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பக்கத்தில் ஆணி அடிக்க இடம் இருக்கிறது. நல்ல சுவர், தாங்கும். நான் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. ஆகையால் இதை அச்சில் சொல்கிறேன். பேசுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தமிழில் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். அவள் தானாகப் படிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் இதைப் படித்தால், அடுத்த முறை யாராவது கேட்கும்போது திருத்திச் சொல்ல வேண்டும். மகளே, நீயும்தான். அந்தப் படத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டு. கீழே என் பெயரை முழுசாகப் போட்டு, இவளை ஆளாக்கியவர் என்று எழுது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், வருகிறவர்கள் வாசலிலிருந்தே படிக்க வேண்டும். இடம் மிஞ்சினால், இத்தனை வருடம் இந்த வீட்டில் பேசாமல் இருந்தவரும் இவரே என்று சேர்த்துக்கொள். அதுவும் என் வேலைதான். நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை. அதற்கும் என் பெயர் வர வேண்டும்.